புளியரை ஏற்றத்தில் சிறிய கார்: கோளாறு எப்போது வருகிறது?

செங்கோட்டையில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போய் "ஏதோ சத்தம் வருகிறது" என்று சொன்னால் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். "எப்போது வருகிறது?" என்று கேட்பார். ஏறும்போதா, இறங்கும்போதா? எஞ்சின் சூடான பிறகா, காலையில் எடுத்தவுடனா? நேர் சாலையிலா, வளைவிலா? மழையிலா, வெயிலிலா? இவற்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். நான் அவரிடம் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இந்த 'எப்போது' என்ற கேள்விதான்.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்த ஊர். அதனால் எங்களில் பலருக்கு உறவு தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்கமும் உண்டு. கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி என்று மாதம் இரண்டு முறையாவது புனலூர் போய்வருகிறேன். எட்டு ஆண்டுகளாக அதே சிறிய ஹேட்ச்பேக்தான். புளியரை சோதனைச் சாவடி, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர் என்று ஐம்பது கிலோமீட்டருக்குள் வெயில், சாரல், ஏற்றம், இறக்கம், லாரி வரிசை எல்லாம் வந்துவிடும். தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் இடையே ஓடும்போது வாய் திறக்காத கோளாறு இந்தச் சாலையில் பேசிவிடும். கீழே உள்ள அறிகுறிகளை அதனால்தான் சந்தர்ப்பத்தை வைத்துப் பிரித்திருக்கிறேன்.

ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை

முதலில் ஏ.சி.யை நிறுத்திப் பாருங்கள். உடனே வண்டி மூச்சுவிட்டு ஏறினால் கோளாறு ஏதும் இல்லை; அந்த எஞ்சினின் அளவு அவ்வளவுதான். ஆல்டோ 800இன் 796 சிசி எஞ்சினுக்கு இழுவிசை 69 நியூட்டன் மீட்டர். ஆல்டோ கே10இன் 998 சிசி எஞ்சினுக்கு 89. ஸ்விஃப்டில் வந்த 1197 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 113. ஐந்து பேரும் பலகாரப் பெட்டிகளும் ஏறி, ஏ.சி.யும் ஓடினால் 69க்கும் 113க்கும் உள்ள வேறுபாடு எஸ் வளைவில் நன்றாகத் தெரியும். வாங்கப் போகிறவர்களுக்கு என் கருத்து இது: ஊருக்குள் ஓட்ட 800 போதும், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு மலை ஏறுகிறவர் ஆயிரம் சிசிக்குக் கீழே போக வேண்டாம். சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவர்கள் ஏற்றம் தொடங்கும் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். வாயுவில் ஓடும்போது இழுவிசை குறைவாகத்தான் இருக்கும்.

ஏ.சி.யை நிறுத்தியும் இழுக்கவில்லையா? எஞ்சின் சத்தத்தைக் கவனியுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் சத்தம் உயர்கிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கூடவே கருகிய வாசனை வந்தால் சந்தேகமே வேண்டாம். சமதரையில் இதைச் சோதிக்கலாம். வண்டிக்கு முன்னால் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைந்துவிட்டால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒருமுறை சோதித்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள்.

எஞ்சின் சத்தமும் உயரவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக் இரண்டையும் பாருங்கள். அவையும் சரியாக இருந்தால் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது.

கிளட்ச் சீக்கிரம் தேய்வதற்குப் பெரிய காரணம் லாரி வரிசைக்குப் பின்னால் நாம் நிற்கும் விதம். முன்னால் லாரி ஓரடி நகர்கிறது, நிற்கிறது. பலர் கிளட்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, வண்டியை மேட்டில் தொங்கவிடுகிறார்கள். பிளேட் கருகுவது அப்போதுதான். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நில்லுங்கள். லாரி இரண்டு மூன்று வண்டி நீளம் நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் ஏறுங்கள். தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டி கார்களுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றில் கிளட்ச் மிதி இல்லையே தவிர, உள்ளே இருப்பது அதே உராய்வுப் பிளேட்தான். மேட்டில் ஆக்சிலேட்டரால் வண்டியை நிறுத்திவைத்தால் அதுவும் சூடேறிக் கருகும்.

இறக்கத்தில் பிரேக் வலுவிழக்கிறது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமனாரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி இறக்கத்தில் பிரேக் மிதி வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் கீழே போனது; பஞ்சை மிதிப்பது போல இருந்தது. இரண்டாவது கியருக்கு மாற்றி, ஓரமாக அகலம் இருந்த ஓர் இடத்தில் நிறுத்தினேன். "ஏன் நிறுத்தினீர்கள் மாப்பிள்ளை?" என்று மாமா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன். ஒவ்வோர் ஆண்டும் எஞ்சின் ஆயில் மாற்றியிருந்தார்கள். பிரேக் ஆயிலை ஐந்து ஆண்டுகளாக யாரும் மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 வகை ஆயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் தரக் கணக்கிலேயே அந்த அளவு 140 பாகை ஆகிவிடுகிறது. டாட் 4க்கு 230, 155. தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது உண்டாகும் சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி உண்டாகிறது. ஆயில் அழுத்தத்தைக் கடத்தும், குமிழி கடத்தாது. மிதி கீழே போகிறது. சாரலும் புழுக்கமும் மாறி மாறி வரும் நம் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிட வேண்டும். எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் ஈரம் கிலோமீட்டர் பார்த்து ஏறுவதில்லை. எந்த வகை ஆயில் என்று மூடியின் மேலேயே எழுதியிருக்கும்.

மிதி எப்படி இருக்கிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிரிக்கலாம். சூடான பிறகு மட்டும் பஞ்சு போல இருந்தால் ஆயில் கொதித்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போதே பஞ்சு போல இருந்தால் குழாயில் காற்றோ கசிவோ இருக்கிறது. அந்த வண்டியை வீட்டுவாசலைத் தாண்டி எடுக்காதீர்கள். மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்து, கருகிய நெடி அடித்தால் பிரேக் பேடுகள் சூடேறிப் பிடிமானம் இழந்துவிட்டன. மிதி கல் போல இறுகிவிட்டால் எஞ்சின் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குக் கை கொடுக்கும் வெற்றிட விசை கிடைக்கும்.

பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களையும் சாவியை அணைத்துவிடுகிறவர்களையும் இன்னும் பார்க்கிறேன். நெஞ்சு பதறுகிறது. இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கியரில் இருந்து, காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கிறது. ஆக நியூட்ரலில் மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஏஎம்டியில் நெம்புகோலை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டில் வையுங்கள். பிரேக்கை லேசாக அழுத்தியபடியே இறங்காமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில் டிஸ்க் ஆறும். சூடாகிவிட்டால் நிறுத்தி அரை மணி நேரம் காத்திருங்கள். டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 வளைவுகளுக்கும் இதே முறைதான். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே வழி. அது சட்டமும்கூட.

டாஷ்போர்டில் சிவப்பு வெப்ப விளக்கு

பல சிறிய கார்களில் வெப்பமானி முள்ளே கிடையாது. குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, சூடு மிஞ்சினால் சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது; கொதிநீர் முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது பொறுத்து, துணி வைத்து மூடியை மெல்லத் திருகுங்கள்.

நின்றுகொண்டிருக்கும்போது சூடாகி, ஓடும்போது ஆறினால் மின்விசிறியோ அதன் ஃபியூஸோ ரிலேயோ பழுது. ஓடும்போதே சூடானால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்திருக்கிறது, அல்லது அதன் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கிறது, அல்லது வாட்டர் பம்ப் போய்விட்டது. அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேரலாம். வந்ததும் கூலன்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெறும் தண்ணீரில் மாதக்கணக்கில் ஓட்டினால் உள்ளே துருப்பிடிக்கும்.

சாரலில் கண்ணாடி மங்குகிறது

விரலால் உள்பக்கம் ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிந்தால் மங்கல் உள்ளே. ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி நெம்புகோலை மாற்றுங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் ஐந்து பேரின் மூச்சு ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். ஏ.சி. குளிருக்கு மட்டும் என்று நினைத்து ஆடி மாதத்தில் அதைத் தொடாதவர்கள் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பதும் அதே ஏ.சி.தான்.

கோடு தெளியவில்லை என்றால் மங்கல் வெளியே. குளிரைக் குறைத்து வைப்பரை ஓட்டினால் போதும். ஆரியங்காவுப் பக்கம் மூடுபனி இறங்கினால் ஹெட்லைட்டைத் தாழ்வாக வையுங்கள். உயர்த்தினால் பனியே வெள்ளைச் சுவராக எதிரே நிற்கும்.

மழையில் வழுக்கினால் டயரைப் பாருங்கள். பள்ளங்களுக்கு நடுவே சிறிய மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் டயர் முடிந்தது. குற்றாலம் சீசனில் ஓட்டுகிறவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 3222 என்றால் 2022ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது பள்ளங்களின் ஆழம், நன்றாக இருந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த ரப்பர் இறுகிவிட்டிருக்கும்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தமே பதில் சொல்லும். டகடகடக என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது டெர்மினலில் வெண்பச்சைப் பொடி படிந்திருக்கிறது. சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து வாசலைன் தடவுங்கள். ஒரே ஒரு 'டக்' மட்டும் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார். சத்தமே இல்லையென்றால் கிளட்சை முழுவதும் மிதித்தீர்களா, ஏஎம்டி என்றால் நியூட்ரலில் வைத்துப் பிரேக்கை மிதித்தீர்களா என்று பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல், ஸ்பார்க், சாவியின் சிப் ஆகியவற்றில் ஒன்று.

மல்ட்டிமீட்டர் இருந்தால் இரவு முழுவதும் நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14க்கு அருகே காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.5ஐத் தாண்டவில்லை என்றால் புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது கைக் கியர் வண்டிக்கு மட்டும். ஏஎம்டியைத் தள்ளிப் பயனில்லை.

வயல் ஓரத்தில் வீடு இருப்பவர்களுக்கு ஒன்று. அறுப்பு முடிந்ததும் எலி காருக்குள் குடிவரும். நேற்று வரை ஓடிய வண்டியில் இன்று திடீரென்று நான்கைந்து விளக்குகள் சேர்ந்து எரிந்தால் முதலில் வயர்களைப் பாருங்கள். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதும், காருக்குள் முறுக்கு மிச்சம் விடாமல் இருப்பதும் நான் கண்ட வழி.

சத்தங்கள்

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'டக் டக்' என்று வந்தால் ஆக்சிலின் வெளி மூட்டு. சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் உறை கிழிந்தவுடன் கண்டுபிடித்தால் உறையை மாற்றுவதோடு முடியும். மண் புகுந்துவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டும்.

பள்ளத்தில் விழும்போது 'கடகட' என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலை பிரேக்கில் 'கிறீச்' என்று வந்து இரண்டு மூன்று பிடியில் மறைந்தால் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, கவலை வேண்டாம். மறையாமல் தொடர்ந்தால் பேட் தேய்ந்துவிட்டது. இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள்.

வேகத்தோடு ஏறும் 'ஊம்' என்ற ஓசைதான் பிடிபடாமல் அலைக்கழிக்கும். டயரா, வீல் பேரிங்கா என்று சமவெளியில் சொல்வது கடினம். தென்மலை வளைவுகளில் எளிது. இடது பக்கம் திரும்பும்போது ஓசை கூடினால் பாரம் வலது சக்கரத்தில் ஏறியிருக்கிறது; வலது பேரிங்கைப் பாருங்கள். வலப்பக்கத் திருப்பத்தில் கூடினால் இடது. எந்த வளைவிலும் மாறவில்லை என்றால் டயர்.

மைலேஜ் குறைந்துவிட்டது

ஒரே பங்க்கில், டாங்க் நிரம்ப நிரப்பி, இரண்டு முறை கணக்கிட்ட பிறகே இந்த முடிவுக்கு வாருங்கள். விலை வேறுபாட்டால் கேரளத்து வண்டிகள் நம் பக்கம் வந்து நிரப்புகின்றன. எல்லையோரப் பங்க்குகளில் கூட்டம் அதிகம், அவசரத்தில் பாதி நிரப்பிக் கணக்குப் போட்டால் தவறாகத்தான் வரும். டயர் காற்று, வடிகட்டி, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் என்ற வரிசையில் பாருங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலின் ஆற்றல், லிட்டர் கணக்கில், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே சிறு குறைவு வண்டியின் குற்றம் இல்லை.

கால் வைக்கும் இடத்தில் ஈரம், உள்ளே பூசணம் நாற்றம்

இடது முன்பக்கம் மட்டும் ஈரம், தண்ணீர் நிறமற்றது, ஏ.சி. போட்ட பிறகு வருகிறது: ஏ.சி. வடிகுழாய் அடைத்திருக்கிறது. பத்து நிமிட வேலை. தண்ணீர் இனிப்பு வாடையோடு பிசுபிசுத்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது.

பழைய கார் வாங்கப் போகும் இடத்தில் இந்த நாற்றம் வந்தால் வேறு கதை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டி எந்த ஆண்டிலும் எங்கிருந்தும் வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற கறைக்கோடு அங்கே தப்பியிருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஃபியூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு என்று மூன்று இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மினுமினுக்கும் பாலிஷையும் புதுச் சீட் உறையையும் கண்டு மயங்காதீர்கள். எஞ்சின் நன்றாக ஓடினாலும் வயரிங்கில் புகுந்த ஈரம் ஆண்டுகள் கழித்துக்கூடத் தொல்லை கொடுக்கும்.

வண்டி நன்றாகவே இருந்து, கேரளப் பதிவு எண்ணோடு இருந்தால் காகிதத்தையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். புனலூரின் கே.எல். 25 எண்ணைத் தென்காசியின் டி.என். 76க்கு மாற்ற, முதலில் அங்கே படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இங்கே புதுப் பதிவுக்குப் படிவம் 27. வேறு மாநில எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டக் கூடாது. தமிழ்நாட்டுச் சாலை வரியை வண்டியின் வயதுக்கு ஏற்பக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்க வேண்டியது அந்த மாநிலத்தில், தனி விண்ணப்பத்தோடு. கடன் வாங்கி வாங்கிய வண்டியென்றால் வங்கியின் அடமானப் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று ஆர்.சி.யில் பாருங்கள். தடையின்மைச் சான்று கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.